தில்லிக் கோடையில் ரெண்டரிங்: செயலியின் சூட்டைக் கட்டுக்குள் வைக்க முழு வழிகாட்டி

மே மாதம், இரவு பதினொன்றரை மணி. முனிர்க்காவில், பர்சாத்தி என்று இங்கே சொல்லும் மொட்டை மாடி அறையில், ஒரு வீட்டின் உள்ளலங்காரக் காட்சி ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தது, அதாவது முப்பரிமாண மாதிரியைக் கணினி படங்களாக மாற்றிக்கொண்டிருந்தது. மொத்தம் 250 ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். 181ஆவது ஓடும்போது கணினி தானாக அணைந்துவிட்டது. கேபினெட்டின் பக்கத் தகட்டைத் தொட்டால், வெயிலில் நின்ற ஸ்கூட்டர் இருக்கையைத் தொட்டது போலச் சுட்டது. காலை பத்து மணிக்குக் கொடுக்க வேண்டிய வேலை அது.

மறுநாளே கணினிச் சந்தையான நேரு பிளேஸுக்குப் போய், செயலியின் (சி.பி.யூ.) சூட்டை எடுக்கும் பெரிய கூலர் ஒன்றை வாங்கி வந்தேன். கொஞ்சம் பயன் இருந்தது, ஆனால் ஜூன் மாதத்தில் பழைய கதை திரும்பியது. வரிசை தவறு என்பது அதன்பின்தான் புரிந்தது. சூடு பிறந்த பிறகு அதைத் துரத்துவதற்குச் செலவு செய்தேன். பிறக்கும் சூட்டையே குறைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்: செலவில்லாதது முதலில், கடைக்குப் போவது கடைசியில்.

முதலில் ஒரு சிறு கணக்கு. செயலியின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையும் அதற்கு மேல் செயலி ஏறும் ஏற்றமும் சேர்ந்தது. என்னுடையது ஏ.எம்.டி. நிறுவனத்தின், 16 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் உள்ளலகு) கொண்ட ரைசன் 9 5950எக்ஸ். முழு வேலையில் 142 வாட் வரை இழுக்கும். என் கூலரில் அப்போது ஏற்றம் சுமார் 50 டிகிரி. ஜனவரியில் அறை 12 டிகிரியாக இருக்கும்போது செயலி 62இல் நிற்கும். மே மாதத்தில் அறை 38 என்றால் அதே செயலி, அதே கூலர், அதே காட்சி, 88 டிகிரி. இந்தச் செயலிக்கு ஏ.எம்.டி. வகுத்த உச்ச வரம்பு 90. இரண்டே டிகிரி மிச்சம். இணையத்தில் பார்க்கும் கூலர் சோதனைகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி அறைகளில் செய்யப்பட்டவை. 2024 மே இறுதியில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவான ஊரில் அந்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. நம் அறைக்கான வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். விண்டோஸில் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, சென்சார் பக்கத்தைத் திறங்கள். லினக்ஸில் வெப்பநிலைக்கு எல்.எம். சென்சார்ஸ் போதும். பார்க்க வேண்டியவை நான்கு: செயலியின் வெப்பநிலை, அது இழுக்கும் வாட், கோர்களின் உண்மையான வேகம், வேகம் குறைக்கப்படுகிறதா என்று சொல்லும் தெர்மல் திராட்லிங் வரி. ஐந்தாவதாக, மேசைமேல் ஒரு சாதாரண அறை வெப்பமானி. இது இல்லாமல் எடுக்கும் எந்த அளவுக்கும் பொருள் இல்லை.

சோதனையை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். செயலியைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஓட்டலாம், அதைவிட நல்லது, உங்கள் சொந்தக் காட்சியின் ஒரு கனமான ஃபிரேம். முதல் இரண்டு நிமிடத்தில் தெரியும் எண் ஏமாற்றும். கூலரின் உலோகமும், நீர்க் கூலராக இருந்தால் அதன் நீரும் சூடேற நேரம் ஆகும். பிறகு கேபினெட்டுக்குள் உள்ள காற்று, அதற்கும் பிறகு அறை. இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு வரும் எண்தான் இரவு முழுவதும் உங்களோடு இருக்கப் போகும் எண். ஃபிரேம் முடிய எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

எத்தனை டிகிரி வரை போகலாம்? செயலியைப் பொறுத்தது. இன்டெலின் 12ஆம் தலைமுறை முதல் 14ஆம் தலைமுறை வரையிலான மேசைக் கணினிச் செயலிகளுக்கு வரம்பு பொதுவாக 100. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அவை முழுச் சுமையில் அந்த எண்ணைத் தொட்டு நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. எனவே 95ஐப் பார்த்தவுடன் பதற வேண்டாம். வேகம் சரிகிறதா என்று பாருங்கள். வரம்பைத் தொட்டதும் செயலி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால் மட்டுமே அணைந்துபோகும். வேகம் குறையாமல் திடீரென்று அணைகிறது என்றால், மதர்போர்டில் செயலிக்கு மின்சாரம் தரும் பகுதியையும் பவர் சப்ளையையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள். விலை குறைந்த மதர்போர்டில் பெரிய செயலியை மாட்டியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

படி 2: வாட்டுக்குக் கடிவாளம் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

செயலி இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே வெளியே வருகிறது. அந்த மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தையும் வேகத்தையும் பொறுத்தது. மின்னழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால், அதே வேகத்தில் மின்திறன் ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் செயலி அளவுக்கு மீறி மின்னழுத்தம் கேட்கிறது. தொழிற்சாலை அமைப்பு எப்போதும் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்கிறது. அங்கிருந்து ஒரு படி இறங்கினால் வேகம் சிறிதே குறையும், சூடு நிறையவே குறையும்.

நான் 142 வாட்டை 100 வாட்டாகக் குறைத்தேன். என் சோதனைக் காட்சியில் ஒரு ஃபிரேமுக்கு 11 நிமிடம் 20 விநாடி ஆனது, 12 நிமிடம் 30 விநாடி ஆயிற்று. ஏற்றம் 50 டிகிரியிலிருந்து 35க்கு இறங்கியது. 38 டிகிரி அறையில் 73. ஒரு ஃபிரேமுக்குச் செயலி செலவழிக்கும் மின்சாரமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நூறு ஃபிரேமுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகிறது என்பது உண்மைதான். ஆனால் 181ஆவது ஃபிரேமில் அணைந்து, மீண்டும் தொடங்குவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

செய்யும் முறை:

1. ஏ.எம்.டி. ரைசன் என்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் பகுதியைத் திறந்து, வரம்புகளைக் கையால் இடும் அமைப்புக்கு மாற்றி, பி.பி.டி. என்ற இடத்தில் செயலியின் மின்வரம்பு எண்ணைக் கொடுங்கள். சில மதர்போர்டுகள் இதை மில்லிவாட்டில் கேட்கும். அங்கே 100 வாட் என்பது 100000. புதிய போர்டுகளில் ஈகோ மோடு என்று தயாராகவே இருக்கும். அதில் 105 வாட் என்று போட்டிருந்தால் உண்மை வரம்பு 142 வாட், 65 வாட் என்றால் 88 வாட். பயாஸுக்குள் போகத் தயக்கம் இருந்தால் ஏ.எம்.டி.யின் ரைசன் மாஸ்டர் மென்பொருளிலும் செய்யலாம்.

2. இன்டெல் என்றால் நீண்ட நேர, குறுகிய நேர மின்வரம்புகள் இரண்டு உண்டு, பி.எல்.1, பி.எல்.2 என்பார்கள். 13900கே போன்ற செயலிக்கு இன்டெல் சொன்ன உச்சம் 253 வாட். பல மதர்போர்டுகள் அந்த வரம்பையும் எடுத்துவிட்டே விற்பனைக்கு வந்தன. இரண்டு வரம்பையும் ஒரே எண்ணாக, 150 வாட் அளவில் வைத்துத் தொடங்குங்கள். அளந்து பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். உங்களிடம் இருப்பது 13 அல்லது 14ஆம் தலைமுறையின் பெரிய மேசைக் கணினிச் செயலி என்றால், எல்லாவற்றுக்கும் முன் பயாஸைப் புதுப்பியுங்கள். அதிக மின்னழுத்தத்தால் அந்தச் செயலிகள் பழுதாகும் சிக்கலுக்கு 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் மைக்ரோகோடு (செயலிக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே காரணமில்லாமல் ரெண்டர் முறிந்துகொண்டிருந்தால், அது வெப்பம் அல்ல, செயலியின் பழுதாகவும் இருக்கலாம்.

3. பயாஸே பூட்டப்பட்ட கணினியா? விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் செயலியின் உச்ச நிலையை 100க்குப் பதில் 99 சதவீதம் என்று கொடுங்கள். ஒரு சதவீதம் தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்று பெரும்பாலான செயலிகளில் டர்போ என்ற கூடுதல் வேகத்தையே நிறுத்திவிடும். மடிக்கணினியில் வேலை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கர்வ் ஆப்டிமைசர் போன்ற மின்னழுத்தக் குறைப்பு வழிகளும் உண்டு, பலனும் உண்டு. ஆனால் அதில் சிறு பிழை இருந்தாலும் கனமான வேலையில் தெரியாமல், கணினி சும்மா இருக்கும்போது உறைந்து நிற்கும். வாடிக்கையாளர் வேலை கையில் இருக்கும் வாரத்தில் அதைத் தொடாதீர்கள்.

படி 3: தூசி

தில்லியில் தூசி ஒரு பருவம் போல வந்து போவதில்லை. ஆண்டு முழுவதும் இருக்கிறது. மே, ஜூனில் ஆந்தி என்று இங்கே அழைக்கும் புழுதிக் காற்று. தீபாவளிக்குப் பிறகு புகை. நடுவில் எந்நேரமும் எங்காவது கட்டட வேலை. மூன்று மாதம் திறக்காத கேபினெட்டில், கூலர் விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். தகடுகளின் முகப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது கிழியாமல் முழுதாக உரிந்து வந்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றியும் காற்று தகடுகளுக்குள் நுழையவே இல்லை.

சுத்தம் செய்யும்போது மின்கம்பியை முழுவதுமாகப் பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துப் போங்கள். அறைக்குள் ஊதினால் அதே தூசி மாலைக்குள் திரும்பி வரும். ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது தறிகெட்டுச் சுற்றினால் தாங்கி கெடும், விசிறி சிறு ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்குள் மின்சாரம் அனுப்பவும் கூடும். தகடுகளின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். பவர் சப்ளையின் வலையை மறக்காதீர்கள். பெரும்பாலான கேபினெட்டுகளில் அது அடியில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் பவர் சப்ளையைத் திறக்கவே கூடாது. மின்சாரம் எடுத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை? முகப்பு வலையை வாரம் ஒரு முறை தட்டுவது, முழுச் சுத்தம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஆந்தி அடித்தால் மறுநாளே.

படி 4: காற்று போகும் வழி

முன்னால் நுழைந்து, பின்னாலும் மேலாலும் வெளியேற வேண்டும். உள்ளே தள்ளும் விசிறிகள் வெளியே தள்ளுவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், காற்று வலை உள்ள வழியாக மட்டும் நுழையும். இடுக்குகள் வழியே தூசி உறிஞ்சப்படாது. கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முகப்பில் கண்ணாடி போட்ட அழகான கேபினெட் வாங்கியிருந்தால், ரெண்டர் நேரத்தில் முகப்பைக் கழற்றி வைத்துப் பாருங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் அந்தக் கண்ணாடிதான் குற்றவாளி. விசிறி வேகத்தையும் பயாஸில் 60 டிகிரிக்கு மேல் வேகமாக ஏறும்படி அமைத்துவிடுங்கள்.

படி 5: அறை

ஏ.சி. உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு டன் ஏ.சி. என்பது சுமார் 3500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். செயலியும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து 550 வாட் இழுத்தால், ஒரு டன்னில் ஆறில் ஒரு பங்கு உங்கள் கணினிக்கே போகிறது. ஏ.சி. இல்லாதவர்களுக்கு அந்த 550 வாட் முழுவதும் அறையிலேயே தங்கும். மூடிய அறையில் இரவு முழுவதும் ஒரு சிறு ஹீட்டரை எரிய விடுவதற்கு இது சமம். ஜன்னலில் ஓர் எக்ஸாஸ்ட் விசிறி போட்டு, எதிர்ப் பக்கக் கதவைச் சற்றுத் திறந்து வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

தில்லி வீடுகளின் ஜன்னலில் நிற்கும் ஏர் கூலர் மே, ஜூன் வறட்சியில் அறையை நன்றாகவே இறக்கும். ஆனால் அதன் காற்று நேரே கணினிமேல் படக் கூடாது. ஈரமும் தூசியும் சேர்ந்தால் தகடுகளில் சேறாகப் படியும். அதை ஊதி எடுக்க முடியாது. ஏர் கூலரை ஒரு மூலையிலும் கணினியை எதிர் மூலையிலும் வையுங்கள். ஜூலையில் மழை தொடங்கியதும் அந்த ஏர் கூலரால் பயன் இல்லை, புழுக்கம்தான் கூடும்.

நேரத்தையும் பாருங்கள். இரவு என்றால் குளிர்ச்சி என்று நினைப்போம். பர்சாத்தியில் அப்படி இல்லை. பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, நடு இரவு தாண்டியும் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். என் வெப்பமானியில் அறை உண்மையில் இறங்குவது அதிகாலை மூன்று மணிக்குப் பிறகுதான். அதனால் கனமான காட்சிகளை இரண்டரை மணிக்குத் தானாகத் தொடங்கும்படி விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அமைக்கிறேன். காலை பத்து மணிக்குள் முடியாத மிச்சத்தை அடுத்த நாளுக்குத் தள்ளுகிறேன். கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டால் உடனே அடியுங்கள்.

படி 6: தெர்மல் பேஸ்ட்

செயலியின் மேல்தகடும் கூலரின் அடித்தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அங்கே தங்கும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. செம்பு கடத்தும் அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். பள்ளத்தை நிரப்பினால் போதும், மெத்தை போடக் கூடாது.

மயூர் விஹாரில் இருக்கும் ஒரு தம்பி போன ஆண்டு அழைத்தான். "அண்ணா, புதுக் கூலர், புதுப் பேஸ்ட், எல்லாம் நானே மாட்டினேன். ஆனால் ரெண்டர் தொடங்கிய பத்தாவது விநாடியே 95 தொடுகிறது." நேரில் போய்க் கழற்றினோம். கூலரின் அடியில், பேஸ்டுக்கும் செம்புக்கும் நடுவே, ஒரு மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள். மாட்டும் முன் உரித்து எடுக்கவும் என்று அதன் ஓரத்தில் அச்சடித்திருந்தது. அவன் முகம் வாடிவிட்டது. "தம்பி, இது எல்லாருக்கும் நடப்பதுதான்" என்றேன். உரித்து, துடைத்து, மீண்டும் மாட்டியதும் 74இல் நின்றது. பத்து விநாடியில் உச்சம் தொடுகிறது என்றால் சிக்கல் அறையிலோ தூசியிலோ இல்லை. செயலியும் கூலரும் தொடும் இடத்தில்தான்.

என் கைத்தவறும் ஒன்று உண்டு. ஜனவரிக் குளிரில், அணைத்து வைத்திருந்த கணினியின் கூலரை நேராக மேலே இழுத்தேன். இறுகிப்போன பேஸ்ட் செயலியையும் சாக்கெட்டிலிருந்து, அதாவது மதர்போர்டில் அது அமரும் இடத்திலிருந்து, பிடுங்கிக்கொண்டு வந்தது. ஏ.எம்.4 வகைச் செயலியில் 1331 ஊசிகள் அடியிலேயே இருக்கும். மூன்று வளைந்துவிட்டன. பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பை வரிசைக்கு நடுவே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்: முதலில் பத்து நிமிடம் கணினியைக் கனமாக ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கூலரை இடம் வலமாக மெதுவாகத் திருகி, பிறகு தூக்குங்கள். ஏ.எம்.5, புதிய இன்டெல் செயலிகளைச் சாக்கெட்டின் சட்டமே பிடித்திருப்பதால் இந்தப் பயம் இல்லை.

பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம். பலவற்றில் கிளிசரின் கலந்திருப்பதால் பிசுக்கு தங்கும். நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். பெரிய மேல்தகடு என்றால் பெருக்கல் குறி போல மெல்லிய கோடு. திருகாணிகளை எதிரெதிர் மூலைகளாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று மட்டும் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

படி 7: இதற்குப் பிறகும் போதாது என்றால் கூலர்

வாட் குறைத்து, தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றிய பிறகும் வேகம் சரிந்தால் மட்டும் கடைக்குப் போங்கள். விரலுக்கேற்ற வீக்கம் போதும். 100 வாட் செயலிக்கு ஒரு நல்ல ஒற்றைக் கோபுரக் கூலர் தாராளம். 150 வாட்டுக்கு மேல் என்றால் நாக்டுவா என்.எச். டி15 போன்ற இரட்டைக் கோபுரம். இந்தக் கூலர்களின் செம்புக் குழாய்களுக்குள் நடப்பது இட்லிப் பானையில் நடப்பதுதான்: அடியில் நீர் ஆவியாகிறது, மேலே தகடுகளில் சூட்டை விட்டுவிட்டு நீராகத் திரும்புகிறது.

நீர்க் கூலரும் நல்லதுதான், ஆனால் அதன் ரேடியேட்டரும் இதே அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்டுகிறது. 40 டிகிரி அறையில் எந்த நீர்க் கூலரும் நீரை 40க்குக் கீழே கொண்டுபோகாது. வாங்கினால் ரேடியேட்டரின் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்டுங்கள். இல்லையென்றால் காற்றுக் குமிழி பம்பில் சிக்கும். பம்புக்கும் ஆயுள் உண்டு. இரவில் நாம் தூங்கும்போது ஓடும் கணினிக்கு நான் காற்றுக் கூலரையே விரும்புகிறேன். அதில் பழுதாகக்கூடிய பொருள் விசிறி ஒன்றுதான், அதைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

நேரு பிளேஸில் வாங்கும்போது உங்கள் சாக்கெட்டுக்கான மாட்டும் சட்டம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். கூலரின் உயரத்தையும் கேபினெட் ஏற்கும் உயரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டு போங்கள். பில் வாங்காமல் வராதீர்கள்.

படி 8: வேலையையே இலகுவாக்குங்கள்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸில் உச்ச சாம்பிள் (ஒரு புள்ளிக்கு எத்தனை முறை ஒளியைக் கணக்கிடுவது என்பது) 4096 என்று இயல்பாகவே இருக்கும். அதோடு வரும் நாய்ஸ் திரெஷோல்டு, அதாவது படத்தில் எவ்வளவு புள்ளிப் புள்ளியான இரைச்சல் இருக்கலாம் என்ற அளவு, 0.01. வீட்டு உள்ளலங்காரக் காட்சிகளுக்கு உச்சத்தை 500க்கும் திரெஷோல்டை 0.03 அளவுக்கும் மாற்றி, மிஞ்சும் இரைச்சலைத் துடைக்கும் டீநாய்ஸரை இயக்கிப் பாருங்கள். பல காட்சிகளில் வாடிக்கையாளர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நேரமோ பாதிக்கும் கீழே போகும். கிராஃபிக்ஸ் கார்டில் ரெண்டர் செய்பவர்கள் பட்டியலில் செயலியையும் சேர்த்துத் தேர்ந்திருந்தால், எடுத்துவிட்டு நேரத்தை அளந்து பாருங்கள். நல்ல கார்டு இருக்கும்போது செயலி தருவது பெரும்பாலும் வேகத்தைவிட வெப்பம்தான்.

நேராக வீடியோவாக எழுதாதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாக எழுதுங்கள். அவுட்புட் பகுதியில் ஓவர்ரைட்டை அணைத்து, பிளேஸ்ஹோல்டர்ஸை இயக்கிவிட்டால், கணினி அணைந்தாலும் முடிந்த படங்கள் அப்படியே இருக்கும். மீண்டும் தொடங்கும்போது அவற்றைத் தாண்டி மேலே போகும். பாதியில் நின்ற ஃபிரேமுக்கு ஒரு வெற்றுக் கோப்பு மிஞ்சியிருக்கும், அதை மட்டும் அழித்துவிடுங்கள். அந்த மே இரவில் நான் வீடியோவாக எழுதிக்கொண்டிருந்தேன். 180 ஃபிரேம்களும் போயின.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு

மெத்தைமேலும் மடிமேலும் வைத்து ரெண்டர் செய்யாதீர்கள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். ஒரு மரக்கட்டை போதும். காற்று வெளியேறும் பக்கம் சுவரைப் பார்க்கக் கூடாது. 99 சதவீத அமைப்பை இயக்குங்கள். தயாரிப்பாளரின் மென்பொருளில் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள், சூடும் முழு மின்னேற்றமும் சேர்ந்தால் பேட்டரி உப்பும். விசை அட்டையோ தொடுதிண்டோ சற்று எழும்பியது போலத் தெரிந்தால், ரெண்டரை நிறுத்தி, அணைத்து, அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.